செப்பு டேப் ஒட்டினேன், பாதி இரைச்சல் போனது

பேஸ் கிட்டாரின் உள்குழிகளில் ஒட்டுவதற்கென்றே விற்கும் செப்பு டேப் ஒரு சுருள் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகப் பலி கொடுத்து, விரல் நுனியில் மூன்று கீறல்களோடு வேலையை முடித்தேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஐந்துக்கு எத்தனை என்றால், மூன்று. டேப்பின் மேல் எனக்குக் குறையில்லை. 'இனி இரைச்சலே இருக்காது' என்று அதன் உறையில் அச்சடித்திருந்தார்கள் பாருங்கள், குறைத்த இரண்டும் அந்த ஒரு வரிக்காக.

முதலில் என் கிட்டாரைப் பற்றி. ஃபெண்டர் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸை ஒட்டிச் செய்த நான்கு கம்பிக் கருவி. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப் இரண்டு, ஒவ்வொன்றிலும் காந்தத்தைச் சுற்றி ஒரே காயில் (சிங்கிள் காயில்). கழுத்துப் பக்கம் ஒன்று, கம்பிகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம், பொதுவாக ஒரு டோன். இந்த அமைப்பில் ஒரு நல்ல சூழ்ச்சி உண்டு. இரண்டு பிக்கப்பில் ஒன்றின் காயில் எதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்கும், அதன் காந்தமும் தலைகீழாக இருக்கும். வெளியிலிருந்து வரும் ஹம் (மின்சாரத்தின் ரீங்காரம்) இரண்டு காயிலிலும் ஒன்றுக்கொன்று எதிராக விழுந்து அழிந்துவிடும். கம்பியின் ஒலி மட்டும், காந்தம், சுற்று இரண்டுமே புரண்டிருப்பதால், ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். ஆக இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்து வைத்தால் கிட்டார் அமைதியாக இருக்கும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் கணக்கு இடிக்கும், ஹம் எட்டிப் பார்க்கும்.

என் கஷ்டம் என்னவென்றால், எனக்குப் பிடித்த ஒலி பிரிட்ஜ் பிக்கப்பில் மட்டும்தான் கிடைக்கிறது. இரண்டையும் திறந்தால் நடுவில் குழி விழுந்த மாதிரி, அழகான ஆனால் கூட்டத்தில் காணாமல் போகிற ஒலி. பிரிட்ஜ் பக்கம் மட்டும் வைத்து விரலால் இழுத்து வாசித்தால் ஒரு முறைப்பு வருமே, அது வேண்டும். அதோடு இலவசமாக ஹம்மும் வரும். மேடையில் டிரம்ஸ் அடிக்கும்போது அது யார் காதிலும் விழாது. நான் பெரும்பாலும் இரவில் ஹெட்போனில் வாசித்துப் பதிவு செய்கிறவன். பாட்டின் நடுவே இரண்டு தாளம் சும்மா இருக்க வேண்டிய இடத்தில் 'உம்ம்ம்' என்று ஒன்று உட்கார்ந்திருந்தால் பதிவையே மூடத் தோன்றும்.

டேப் வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனையை நான் ஒட்டி முடித்த பிறகுதான் ஒழுங்காகச் செய்தேன். நீங்கள் முன்பே செய்துவிடுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. ஆம்பை (கிட்டாரின் ஒலிபெருக்கியை) நன்றாக ஏற்றி வைத்து, ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து, கம்பிகளைத் தொடாமல் உட்காருங்கள். கவனித்துக் கேட்டால் உள்ளே இரண்டு பேர் இருப்பது தெரியும். ஒருவர் கீழே தடித்த குரலில் 'உம்ம்ம்' என்பார். இன்னொருவர் மேலே மெல்லிசாக 'ஸ்ர்ர்ர்' என்று பொரிவார். இப்போது கையைக் கம்பிகள் மேல் வையுங்கள். பொரிகிறவர் சட்டென்று அடங்குவார், உம்கொட்டுகிறவர் அசைய மாட்டார். அடுத்து எழுந்து நின்று கிட்டாரோடு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு திசையில் 'உம்' உச்சத்துக்கு ஏறும். கால்வட்டம் திரும்பினால் ஏறக்குறைய மறைந்தே போகும். காயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிற இரைச்சல் என்றால், அது காந்தப் புலம் வழியாக வருவது. டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார், சுவருக்குள் ஓடும் மின்கம்பி எல்லாம் அனுப்புகிற பரிசு.

மேலே பொரிகிறவர் வேறு ஆள். அவர் மின்புலம் வழியாக வருகிறார். அறையில் நிற்கும் நம் உடம்பே ஆன்டெனா மாதிரி அதை வாங்கி, பக்கத்தில் இருக்கும் பிக்கப்புக்கும் ஒயருக்கும் கடத்துகிறது. கம்பிகள் பிரிட்ஜ் வழியாகக் கிரவுண்டோடு (சர்க்யூட்டின் பொது எர்த் பக்கத்தோடு) இணைந்திருப்பதால், நாம் தொட்டதும் உடம்பும் கிரவுண்டாகிவிடுகிறது, பொரிச்சல் நிற்கிறது. (தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால், கேபிள் செருகும் ஜாக்கில் இரண்டு ஒயரையும் யாரோ மாற்றிப் பற்றவைத்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு டேப் வேண்டாம், சோல்டரிங் அயர்ன் போதும்.)

செப்பு டேப் இந்த இரண்டாவது ஆளுக்கு மட்டும்தான் எமன். முதல் ஆளை அது கண்டுகொள்வதே இல்லை. இது தெரியாமல்தான் நான் ஆரம்பித்தேன்.

சரி, ஒட்டும் வேலை. நான் வாங்கியது இரண்டு அங்குல அகலம். ஒரு அங்குலச் சுருளும் இருந்தது, நல்லவேளை வாங்கவில்லை. குழியின் வளைந்த சுவரில் குறுகிய டேப்பை ஒட்டினால் எத்தனை இணைப்புகள் வரும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பும் ஒரு தலைவலி. டேப்பின் பசை மின்சாரம் கடத்தும் வகையா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். கடத்தாத பசை என்றால் ஒரு துண்டின் மேல் இன்னொன்றை எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் இரண்டும் தனித்தனித் தீவுகள்தான், ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு சொட்டு ஈயம் வைத்தாக வேண்டும். என்னுடையது கடத்தும் பசை என்று எழுதியிருந்தது. மல்டிமீட்டரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து மூலைக்கு மூலை தொட்டுப் பார்த்தேன். ஏழெட்டு இடத்தில் சரி, இரண்டு இடத்தில் சத்தமே இல்லை. அந்த இரண்டுக்கும் ஈயம் வைத்தேன். பசையை நம்பலாம், ஆனால் மீட்டரை அதைவிட நம்பலாம்.

கம்பிகளைக் கழற்றி, பிக்கார்டை (உடலின் முன்பக்கத் தகட்டை) எடுத்து, பிக்கப்புகளைத் தூக்கி, குமிழ்கள் இருக்கும் தட்டைப் பிரித்து எல்லாம் செய்வதற்கு முன் கைப்பேசியில் நான்கு படம் எடுத்துக்கொண்டேன். இது என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகப் பயனுள்ள படங்கள். டேப்பின் ஓரம் சவரக் கத்திக்குத் தம்பி. குழியின் அடியில் விரலால் நீவிவிட்டபோதுதான் அந்த மூன்று கீறல்களும் விழுந்தன. பிறகு ஒரு மரக்கரண்டியின் காம்பால் தேய்த்தேன், முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். பிக்கப் குழி இரண்டு, குமிழ்க் குழி ஒன்று, பிக்கார்டின் அடிப்பக்கம் என்று நான்கு இடத்திலும் ஒட்டி, குழிகளை ஒரு துண்டு ஒயரால் ஒன்றோடொன்று இணைத்து, எல்லாவற்றையும் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் 'பாட்' என்ற பாகத்தின் முதுகில் கிரவுண்டோடு சேர்த்தேன். குழியின் டேப்பை விளிம்புக்கு மேலே கொஞ்சம் மடித்துவிட்டால், மூடும்போது பிக்கார்டின் அடியில் இருக்கும் டேப்போடு அது தானாகவே தொட்டுக்கொள்ளும். கிரவுண்டில் சேராத செப்பு வெறும் அலங்காரம்தான், சில சமயம் இரைச்சலைக் கூட்டவும் செய்யும்.

எல்லாம் மாட்டி, புதுக் கம்பி ஏற்றி, சுருதி சேர்த்து, ஆம்பைப் போட்டேன். பரிபூரண அமைதி. ஹம் இல்லை, பொரிச்சல் இல்லை. கிட்டாரும் இல்லை. ஜாக்கின் உள்நாக்கு, கேபிளைச் செருகியதும் விரிந்து பக்கத்துச் செப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிக்னல் மொத்தமும் நேராகக் கிரவுண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேபிள் செருகாதபோது மீட்டரில் எல்லாம் சரியாகத்தான் காட்டியது, அதனால்தான் தப்பிவிட்டது. ஜாக்குக்குப் பின்னால் கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு துண்டு ஒட்டியதும் உயிர் வந்தது. இந்த வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் இந்தப் பள்ளத்தில் விழுந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இனி பலன். டேப்புக்கு முன்னால் ஒரு நிமிடமும் பின்னால் ஒரு நிமிடமும், அதே நாற்காலி, அதே திசை, அதே வால்யூமில் சும்மா பதிவு செய்து வைத்திருந்தேன். பதிவு மென்பொருளில் அலைவரிசைப் படத்தைப் பார்த்தால் கதை தெளிவாக இருந்தது. மேலே பனிமூட்டம் மாதிரி பரவிக் கிடந்த பொரிச்சல் சுத்தமாக விலகியிருந்தது. கையைக் கம்பியிலிருந்து எடுத்தாலும் பெரிதாக எதுவும் மாறவில்லை. கீழே, நம் ஊர் மின்சாரம் துடிக்கும் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150-இலும் நின்ற மூன்று கொம்புகளும் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே நின்றன. இம்மியும் குறையவில்லை.

குறையவும் குறையாது. 50 ஹெர்ட்ஸில் வரும் காந்தப் புலம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்குவதற்கே சுமார் 9 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பைக் கடக்க வேண்டும். டேப்பின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கம்பியின் அசைவையே பிக்கப் காந்தப் புலத்தின் மாற்றமாகத்தான் கேட்கிறது. ஹம்மும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறது. வாசலை அடைத்தால் வீட்டுக்காரரும் உள்ளே வர முடியாது.

ஒலி மங்குமா என்று கேட்பவர்களுக்கு: குழியில் ஒட்டியதால் என் காதுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. காயிலையே இறுக்கிச் சுற்றினால் உச்ச ஒலி கொஞ்சம் மழுங்கும் என்பதால் அதை நான் செய்யவில்லை. டேப்புக்குப் பதிலாகக் கரி கலந்த கடத்தும் பெயின்ட்டும் கிடைக்கிறது. நண்பரின் கிட்டாரில் அதை அடித்திருக்கிறோம். விரலைக் கிழிக்காது, வளைவுகளில் அழகாகப் படியும். ஆனால் இரண்டு மூன்று பூச்சு வேண்டும், ஒவ்வொன்றும் காய வேண்டும், கடத்தும் திறனும் செம்பைவிடக் குறைவு. அதில் ஈயம் ஒட்டாது என்பதால் கிரவுண்ட் ஒயரை ஒரு சிறு திருகாணியால் இறுக்க வேண்டும். பொறுமைசாலிக்குப் பெயின்ட், அவசரக்காரனுக்கு டேப்.

மிச்சமிருந்த ஹம்மை என்ன செய்வது? முதலில் மலிவான வழிக்குப் போனேன். பதிவு மென்பொருளில் 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டி எடுக்கும் ஃபில்டரைப் போட்டேன். ஹம் போனது. கூடவே மிகத் தடித்த கம்பியான ஈ (E) கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டில்) இருக்கும் ஜி (G) சுரமும் போனது! அந்த ஜி 49 ஹெர்ட்ஸ். எதிரி நம் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறான், குண்டு போட்டால் இரண்டு வீடும் சேர்ந்துதான் விழும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் வரும் ஊர்க்காரர்களும் சந்தோஷப்பட வேண்டாம். ஏ கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் இருக்கும் பி 61.7 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டார்காரர்களுக்கு அடிப்படை ஹம் அவர்களின் கடைசிக் கம்பிக்கும் கீழே இருப்பதால் தைரியமாக வெட்டலாம். பேஸ்காரனுக்கு அந்த வசதி இல்லை.

நாய்ஸ் கேட் பெடல் ஒன்றும் இரவல் வாங்கிப் பார்த்தேன். வாசிக்காதபோது கதவைச் சாத்தும், அவ்வளவுதான். நீண்டு தேயும் சுரத்தின் வாலைக் கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி நறுக்கியது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் பிக்கப்பையே மாற்றினேன். ஹம்மைக் காயிலால்தான் அடிக்க முடியும் என்பது பழைய பாடம். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர், ஹம்மை அழிக்கும் இரட்டைக் காயில் பிக்கப்பான ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1955-இல். 1957-இல் ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸின் ஒற்றைக் காயிலை இரண்டாகப் பிளந்து, இரண்டு கம்பிக்கு ஒரு துண்டு என்று முன்பின்னாக வைத்தது. அலெம்பிக் என்ற கிட்டார் நிறுவனத்தார் இரண்டு பிக்கப்புக்கு நடுவே கம்பியைக் கேட்காத, ஹம்மை மட்டும் கேட்கிற வெற்றுக் காயில் ஒன்றை வைத்தார்கள். எல்லாம் ஒரே தத்துவம்தான். நான் வாங்கிய ஜோடி, ஜாஸ் பேஸ் பிக்கப்பின் அதே வடிவ ஓட்டுக்குள் இரண்டு சிறிய காயில்களைப் பக்கம் பக்கமாக வைத்தது. ஈ, ஏ கம்பிகளுக்கு ஒன்று, டி, ஜி கம்பிகளுக்கு ஒன்று. மரத்தைச் செதுக்க வேண்டியதில்லை, அதே குழி, அதே திருகாணி. டேப்பின் விலையில் பல மடங்கு என்பதை மறைக்கவில்லை.

மாட்டியதும் இரண்டையும் திறந்தால் அடியொலியே இல்லாமல் தகர டப்பா மாதிரி கேட்டது. தப்பு என்னுடையது. பிரிட்ஜ் பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தேன், இரண்டு பிக்கப்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தன. மாற்றியதும் சரியாகிவிட்டது. அப்புறம் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் திறந்து, கிட்டாரோடு மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினேன். எந்தத் திசையிலும் 'உம்' இல்லை. கழுத்துப் பக்க வால்யூமைப் பாதியில் வைத்தேன், கால்வாசியில் வைத்தேன், எங்கே வைத்தாலும் அமைதி. இத்தனை வருடம் இரண்டு குமிழையும் முழுக்கத் திறந்தே வைக்கப் பழகிய கைக்கு, இடையில் இவ்வளவு ஒலிகள் இருப்பது இப்போதுதான் தெரிந்தது. அந்த ஜோடிக்கு நாலரை. அரை ஏன் குறைத்தேன் என்றால், பழைய சிங்கிள் காயிலில் கம்பியைச் சுண்டும்போது உச்சத்தில் ஒரு 'டிக்' வெட்டு இருந்தது. புதியதில் அது சற்று வழவழப்பாகிவிட்டது. பாட்டுக்குள் சேர்ந்த பிறகு தெரியாது. தனியாக வாசிக்கும்போது எனக்குத் தெரிகிறது.

அப்படியென்றால் டேப் வீணா என்றால், இல்லை. புதிய பிக்கப் காந்த ஹம்மைத்தான் அடிக்கிறது. குமிழ்களுக்கு நடுவே திரியும் ஒயர்களுக்கும் பாட்களுக்கும் இன்னும் போர்வை வேண்டும். ஆனால் உங்கள் கிட்டார் பிரிசிஷன் வகையாக இருந்து, தொட்டால் அடங்குகிற பொரிச்சல் மட்டும்தான் தொல்லை என்றால், டேப் ஒன்றே போதும், உங்களுக்கு அது ஐந்து நட்சத்திரப் பொருள். ஈஎம்ஜி மாதிரி 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் போட்டிருந்தால் எதுவும் ஒட்டத் தேவையே வராது. அவற்றைப் பொருத்தும்போது பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் ஒயரையே எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

டேப் வாங்கும் முன் வீட்டுக்குள் ஒரு சுற்று வாருங்கள். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், எனக்கு ஒரு சீழ்க்கை அதோடு போனது. விளக்கை மங்கலாக்கும் டிம்மரை முழுக்க ஏற்றுங்கள் அல்லது அணையுங்கள். வேறு கேபிள் ஒன்றைச் செருகிப் பாருங்கள். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே உட்காராமல் நான்கு அடி தள்ளி உட்காருங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஹம் குறைகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடுவது. கம்பிகள் ஆம்பின் உடலோடு இணைந்தவை. உள்ளே ஏதாவது கசிந்தால் அது வந்து சேரும் இடம் உங்கள் கை.

சுருளில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஒரு கிட்டாருக்கு இவ்வளவு நீளம் தேவையே இல்லை, இரண்டு நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம். பழைய பிக்கப் ஜோடியை விற்கவில்லை. துணியில் சுற்றி, எந்த ஒயர் எங்கே போனது என்று ஒரு தாளில் வரைந்து, கிட்டார் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.